அப்பா இருந்த மாகாணம்

அந்த நாட்களில் ஒக்லாந்துக்கு வந்து இறங்கிய பிள்ளைகள் நாங்கள், இப்போது மருந்துப் பெட்டியில் இருக்கும் எழுத்தைக் கண்ணாடி போடாமல் வாசிக்க முடியாத வயதுக்கு வந்துவிட்டோம். கோயிலில் கண்டால் முழங்கால் வலியைப் பற்றிக் கதைக்கிறோம். பிள்ளைகளின் வீட்டுக் கடன் பற்றிக் கதைக்கிறோம். வந்த முதல் வருடத்தைப் பற்றி மட்டும் ஒருவரும் வாய் திறப்பதில்லை. உங்கள் ஒவ்வொருவருக்கும் அப்படி ஒரு வருடம் இருந்திருக்கும். என்னுடையதை நான் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் வைத்திருந்ததில் ஒரு நன்மையும் வரவில்லை என்பது போன குளிர்காலத்தில்தான் எனக்குத் தெரிந்தது.

முதல் வருடம் முழுவதும் நான் ஒக்லாந்தின் மனுரேவா பகுதியில் மாமா வீட்டில் இருந்தேன். ஆனால் எனக்கு அந்தத் தெருவே சரியாகத் தெரியாது. ரயில் நிலையத்துக்குப் போக இடப்பக்கம் திரும்புவதா வலப்பக்கம் திரும்புவதா என்று கேட்டால் முழிப்பேன். இத்தாலியின் தெற்கு முனையில் ரெஜ்ஜோ கலாப்ரியா என்று ஒரு மாகாணம் இருக்கிறதே, அதில் எந்த ஊருக்குப் பிறகு எந்த ஊர் வரும் என்று கேட்டிருந்தால் கண்ணை மூடிக்கொண்டு சொல்லியிருப்பேன். அங்கே நான் ஒருநாளும் போனதில்லை. இன்றுவரைக்கும் இல்லை.

அங்கே அப்பா இருந்தார்.

யாழ்ப்பாணத்திலிருந்து அப்பா எங்களுக்கு இரண்டு வருடம் முன்பே வெளிக்கிட்டவர். சுவிஸுக்குக் கொண்டுபோய் விடுவேன் என்ற ஏஜென்சிக்காரன் இத்தாலிக் கரையில் இறக்கிவிட்டு மறைந்துவிட்டான். அப்பா அங்கேயே ஒரு வயதான தம்பதியின் தோட்டத்தில் வேலைக்கு நின்றுவிட்டார். பிறகு மாமா, அம்மாவின் அண்ணன், அம்மாவையும் என்னையும் நியூசிலாந்துக்கு எடுப்பித்தார். அப்பாவுக்கும் விண்ணப்பம் போட்டிருந்தார். எனக்கு அப்போது பத்து வயது. அப்பாவின் முகம் கொஞ்சம் கொஞ்சமாக அழிந்துகொண்டிருந்தது. குரல் மட்டும் மாதம் ஒருமுறை தபாலில் வந்தது.

அப்பா கடிதம் எழுதுவதில்லை. கசெட்டில் பேசி அனுப்புவார். மண்ணிற உறையைப் பிரிக்கும்போது பிளாஸ்டிக் மணத்தோடு வேறொரு மணமும் வரும். தோடம்பழத் தோலைக் கிள்ளினால் வருமே, அதைவிடக் கூர்மையானது, கொஞ்சம் கசப்பு. கசெட்டில் அப்பாவின் குரலுக்குப் பின்னால் ஒரு சேவல் கூவும். தூரத்தில் மணி அடிக்கும். யாரோ ஒரு கிழவர் இருமுவார். அந்த இருமலையும் நான் குடும்பத்தில் ஒருவராகச் சேர்த்துக்கொண்டேன்.

ஊரில் அப்பா நில அளவைத் திணைக்களத்தில் படம் வரைபவராக இருந்தவர். எதையும் திசையோடுதான் சொல்வார். "பிள்ளை, முதல்ல வடக்கைப் பார்" என்று தொடங்குவார். வடக்கே பெரிய மலை, உச்சியில் பைன் காடு, மாசி மாதம் வரைக்கும் பனி. மலையிலிருந்து கடலுக்கு ஆறுகள் இறங்கும். ஆனால் ஆற்றில் தண்ணீர் இல்லை, கல்தான். வருடத்தில் பத்து மாதம் வெள்ளைக் கல் காய்ந்து கிடக்கும். மழை பெய்தால் ஒரே நாளில் வெள்ளம் வந்து பாலத்தையும் கொண்டுபோகும். மேற்கே ஒடுங்கிய கடல். அதற்கப்பால் சிசிலித் தீவு. வெளிச்சமான நாளில் அந்தத் தீவின் எரிமலை புகை விடுவது தோட்டத்திலிருந்தே தெரியும். "இத்தாலி ஒரு சப்பாத்து எண்டால், நான் பெருவிரலில நிக்கிறன்" என்றார்.

மாமா வீட்டு நடைக்குப் புதுச் சுவர்த்தாள் ஒட்டியபோது மிஞ்சிய சுருளின் பின்பக்கத்தில் நான் அதையெல்லாம் வரைந்தேன். ஒவ்வொரு கசெட்டுக்கும் படம் கொஞ்சம் நீளும். கல்லாறுகளைப் பென்சிலால், கடலை நீலப் பேனையால். மலைமேல் கைவிடப்பட்ட ஒரு கிராமத்துக்குச் சிவப்புப் புள்ளி. அந்தக் கிராமத்து வீடுகள் பள்ளத்தின் விளிம்பிலேயே கட்டியவையாம். பிள்ளைகள் உருண்டு விழாமல் இருக்கத் தாய்மார் சுவரில் ஆணி அடித்து, பிள்ளையின் காலைக் கயிற்றால் அதில் கட்டிவிட்டு வேலை செய்வார்களாம். அங்கிருந்த கிழவர்கள் பழைய கிரேக்கம் போல ஒரு மொழி பேசுவார்களாம். அவர்களின் பேரப்பிள்ளைகளுக்கு அது விளங்காதாம். அந்தப் படம் எங்கே போனது என்று தெரியாது. வீடு மாறும்போது எறிந்திருப்பார்கள்.

அப்பாவின் தோட்டத்தில் விளைந்தது பெர்கமோத்து என்ற பழம். பார்க்க எலுமிச்சையும் தோடையும் கலந்த மாதிரி இருக்கும், ஆனால் தின்ன முடியாது. உலகத்திலே அந்தப் பழம் ஒழுங்காக விளைவது அந்த மாகாணத்தின் கரையோரத் துண்டு ஒன்றில்தான் என்று அப்பா பெருமையாகச் சொன்னார், தானே நட்டவர் போல. கார்த்திகையிலிருந்து மாசிவரை பறிப்பார்கள். தோலிலிருந்து எண்ணெய் எடுத்து வாசனைத் திரவியத்துக்கு அனுப்புவார்கள். "கொஞ்சம் தேயிலைக்கும் போகுது. எங்கட நாட்டுத் தேயிலைக்குத்தான் இந்த எண்ணெயைப் போட்டு வெள்ளைக்காரர் குடிக்கினம். நாங்கள் ரெண்டு பேரும் ஒரே பெட்டிக்குள்ளதான் இருக்கிறம், பாத்தியே" என்று சிரித்தார்.

அதற்குப் பிறகு ஒருநாள் மாமியோடு சூப்பர்மார்க்கெட்டுக்குப் போனபோது தேயிலை அடுக்கின் முன்னால் நின்று ஒவ்வொரு பெட்டியாக மணந்து பார்த்தேன். நாலாவது பெட்டி. தபாலில் வரும் உறையின் அதே மணம். பெட்டியை முகத்தோடு அழுத்திக்கொண்டு எவ்வளவு நேரம் நின்றேனோ, கடைக்காரப் பெண் வந்து வாங்குவதானால் மட்டும் தொடு என்றாள். மாமி வெட்கப்பட்டு என்னைக் கையில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அடுத்த கிழமை அம்மா அந்தப் பெட்டியை வாங்கி வந்தார். மாமா ஒரு வாய் குடித்துவிட்டுச் சவர்க்காரம் மணக்கிறது என்று கோப்பையைத் தள்ளி வைத்தார். பிறகு அம்மா மட்டும் குடித்தார், வேலைக்குப் போகமுன், விறாந்தைப் படியில் தனியாக நின்றுகொண்டு.

மாமாவை நான் குறை சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். எங்களுக்கு இருக்க இடம் கொடுத்தவர். அம்மாவுக்கு ஒனிஹங்காவில் ஒரு தையல் ஆலையில் வேலை எடுத்துக் கொடுத்தவரும் அவர்தான். ஆனால் அந்த வீட்டில் எல்லாமே அவருடைய அனுமதியோடு நடந்தது. தபாலை அவர்தான் பிரிப்பார். கசெட்டை இரவுச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் இருந்து கேட்போம். அப்பா அம்மாவிடம் "இஞ்சரும்..." என்று தொடங்கினால் மாமா தொண்டையைச் செருமுவார். அம்மா பதில் பேசும்போதும் மாமா பக்கத்தில் இருப்பார். அம்மா சுகம் கேட்டுவிட்டு, பிள்ளை படிக்கிறாள் என்று சொல்லிவிட்டு நிறுத்திவிடுவார்.

ஒருமுறை அம்மா வித்தியாசமாக நடந்தது ஞாபகம் இருக்கிறது. அந்தக் கசெட்டில் அப்பா தோட்டத்துக்காரரின் மனைவியைப் பற்றிச் சொன்னார். அந்தக் கரை முழுவதும் ஒருகாலத்தில் மல்லிகைத் தோட்டமாம். விடியமுன் பெண்கள் இடுப்பில் கூடையோடு போய்ப் பூப் பிடுங்குவார்களாம். தலையில் வைக்க அல்ல, ஆலையில் கொடுத்து வாசனை எடுக்க. ஒரு கிலோ சேர ஆயிரக்கணக்கில் பூப் பிடுங்க வேண்டும். அந்தக் கிழவி பன்னிரண்டு வயதில் தொடங்கியவராம். இன்றைக்கும் இருட்டில் எழும்பிவிடுகிறாராம். இப்போது ஆலையும் இல்லை, தோட்டமும் இல்லை. ஆண்கள் அவுஸ்திரேலியாவுக்கும் ஜேர்மனிக்கும் போய்விட்டார்கள். அந்தத் தம்பதியின் மகனே மெல்பேர்னில். "ஊரில பாதி வீடு பூட்டு. எங்கட ஊர் மாதிரித்தான். ஆனா இஞ்ச ஒரு ஷெல்லும் விழேல்லை" என்றார் அப்பா.

அம்மா எழும்பிப் போய், கசெட்டைப் பின்னால் சுற்றி, மல்லிகையைப் பற்றிச் சொன்ன இடத்தை மறுபடி போட்டார். மாமா நிமிர்ந்து பார்த்தார். அம்மா கேட்டு முடித்துவிட்டுக் கோப்பைகளை எடுத்துக்கொண்டு குசினிக்குப் போனார்.

பள்ளிக்கூடத்தில் எனக்கு ஒரு சிநேகிதியும் கிடைக்கவில்லை. யாரும் என்னைத் துன்புறுத்தவில்லை, அதையும் சொல்லவேண்டும். அவர்களுக்கு என்னிடம் கேட்க ஒன்றும் இல்லை, எனக்கும் அந்த இங்கிலீஷில் சொல்ல ஒன்றும் இல்லை. மத்தியானத்தில் தண்ணீர்க் குழாய்க்குப் பக்கத்தில் இருந்து பாணைத் தின்றுவிட்டு மணி அடிக்கும்வரை கைகளைப் பார்த்துக்கொண்டிருப்பேன். மழை பெய்தால் நல்லது. எல்லோரும் உள்ளே இருக்கவேண்டும்; நான் தனியாக இருப்பது தெரியாது.

ஆனி மாதம் ஆசிரியை எல்லோரையும் தங்கள் வீட்டை வரையச் சொன்னார். நான் கல்லாறும் எரிமலையும் பெர்கமோத்துத் தோட்டமும் வரைந்தேன். ஆசிரியை குனிந்து பார்த்து இது எந்த இடம் என்று கேட்டார். இத்தாலி என்றேன். நான் இலங்கைப் பிள்ளை என்றல்லவா பதிவில் இருக்கிறது என்று அவர் குழம்பிப்போனார். பிள்ளைக்கு ஏதோ பிரச்சினை என்று நினைத்து மாமாவுக்குப் போன் பண்ணிவிட்டார்.

மாமா அன்று வேலையிலிருந்து வந்து சப்பாத்தைக் கழற்றாமலே என்னைக் கூப்பிட்டார். ஊர்ப் பெயரைச் சொல்ல உனக்கு வெட்கமா என்று கேட்டார். அப்பாவின் கதைகளால்தான் பிள்ளை இங்கே மனம் ஒட்டாமல் திரிகிறது என்று அம்மாவிடம் சொன்னார். மனிசன் வேலைக்குப் போயிருக்கிறாரா, சுற்றுலாப் போயிருக்கிறாரா என்றும் கேட்டார். கசெட் ரெக்கோடரைத் தூக்கித் தன் அறை அலுமாரியின் மேல் வைத்துவிட்டார். இனி அப்பாவின் கசெட் வந்தால் மட்டும் இறங்கும்.

அந்த நாட்களில்தான் அப்பாவின் விண்ணப்பத்துக்குப் பதில் வந்தது. மாமா படிவங்களைப் பதிவுத் தபாலில் அப்பாவுக்கு அனுப்பினார். அப்பா மருத்துவச் சான்றிதழும் எடுத்துக்கொண்டு, புரட்டாதி முடியமுன் ரோம் நகரத்துக்கு ரயிலில் போய் அவற்றை நேரில் கொடுக்கவேண்டும். கொடுத்தால் தை மாதம் இங்கே நிற்பார். வீட்டில் எல்லோரும் சந்தோஷப்பட்டார்கள். மாமா அப்பாவுக்கு என்ன வேலை எடுத்துக் கொடுக்கலாம் என்று கணக்குப் போடத் தொடங்கிவிட்டார்.

எனக்குப் பயமாக இருந்தது. அப்பா வந்துவிட்டால் அந்த இடம் இல்லாமல் போய்விடும். அப்பாவும் மாமா வீட்டு மேசையில், மாமாவுக்கு எதிரில், சத்தமில்லாமல் சாப்பிடுகிறவராகிவிடுவார். பத்து வயதில் இப்படிச் சொற்களில் நான் நினைக்கவில்லை. ஆனால் பயம் அதுதான்.

அந்த மாதக் கசெட்டில் எல்லோரும் பேசி முடித்து, உறைக்குள் போட்டு, ஒட்டாமல் குளிர்சாதனப் பெட்டியின்மேல் வைத்திருந்தார்கள். அம்மாதான் வெள்ளிக்கிழமைகளில் தபாலுக்குப் போடுவார். வியாழக்கிழமை நான் பள்ளிக்கூடத்தால் வந்தபோது வீட்டில் ஒருவரும் இல்லை. மாமாவின் அறைக்குள் கதிரையை இழுத்துக்கொண்டு போய், ஏறி, ரெக்கோடரை இறக்கினேன். கசெட்டின் இரண்டாம் பக்கத்தில் கடைசியில் கொஞ்சம் இடம் இருந்தது. சிவப்புப் பொத்தானையும் மற்றப் பொத்தானையும் சேர்த்து அமத்தினேன்.

"அப்பா, அம்மாவுக்கு இஞ்ச இருக்க விருப்பமில்லை. நாங்கள் அங்க வாறம். அம்மாதான் சொல்லச் சொன்னவா. நீங்கள் ரோமுக்குப் போக வேண்டாம். எங்களுக்கு அங்க ஒரு வீடு பாருங்கோ. மாமாவுக்குச் சொல்ல வேண்டாம்."

அவ்வளவுதான். கசெட்டை உறைக்குள் போட்டு, ரெக்கோடரை ஏற்றி, கதிரையைத் திரும்பக் கொண்டுவந்து வைத்தேன். கதிரைக் கால் கம்பளத்தில் பதித்த நாலு குழிகளையும் கையால் தடவி அழித்தேன்.

புரட்டாதி முடிந்தது. ரோமிலிருந்து செய்தி ஒன்றும் வரவில்லை. ஐப்பசியில் கசெட்டுக்குப் பதிலாக ஒரு கடித உறை வந்தது. மாமா பிரித்தார். உள்ளே ஒரு புகைப்படம். ஒரு வெறும் அறை, சுண்ணாம்பு அடித்த சுவர், சின்ன இரும்புக் கட்டில். அப்பா கையில் தூரிகையோடு நின்றார், களிசான் முழுவதும் வெள்ளைத் துளி. எவ்வளவு மெலிந்துபோயிருந்தார். படத்தின் பின்பக்கத்தில், நில அளவைப் படம் வரைந்த கையின் அச்சு மாதிரி எழுத்தில், "இது பிள்ளையின் அறை. யன்னலால் கடல் தெரியும்" என்று எழுதியிருந்தது. பக்கத்தில் இன்னொரு அறை இருக்கிறதாம். கோயில் திருவிழா ஊர்வலத்தில் மாதா சிலையைத் தோளில் சுமக்கப் பட்டணத்தில் நூற்றுக்கணக்கான ஆண்கள் கூடிய நாளில், தான் போகாமல் இருந்து வெள்ளையடித்து முடித்ததாகவும் எழுதியிருந்தார்.

மாமா அதை மூன்று தரம் வாசித்தார். பிறகு போனை எடுத்தார். தோட்டத்துக்காரரின் வீட்டில் அப்பாவைக் கூப்பிட்டுக் கொண்டுவரும்வரை காத்திருந்தார். அதன் பிறகு அவர் கத்தியது எனக்கு இன்றும் கேட்கிறது. தலை கழண்டு போச்சுதா என்று கேட்டார். என் தங்கச்சியையும் பிள்ளையையும் மலைக்காட்டுக்குள் கொண்டுபோய் வைக்கப் பார்க்கிறீரா என்றார். இவ்வளவு பாடுபட்டு எடுத்த விசாவைக் குப்பையில் போட்டுவிட்டீரே, நீர் ஒரு பொறுப்பில்லாத மனிசன் என்றார். அப்பா மறுமுனையில் என்ன சொன்னார் என்று தெரியவில்லை. பேச்சு மிகச் சீக்கிரம் முடிந்துவிட்டது.

நான் படுக்கையறைக் கதவுக்குப் பின்னால் நின்றேன். இப்போது அப்பா சொல்லிவிடுவார், பிள்ளைதான் சொன்னவள் என்று சொல்லிவிடுவார், மாமா என்னிடம் வருவார் என்று காத்திருந்தேன். ஒருவரும் வரவில்லை.

விண்ணப்பத்தை முதலில் இருந்து போடவேண்டியிருந்தது. அப்பா வந்து சேர இன்னும் இரண்டரை வருடம் ஆனது. அந்த இரண்டரை வருடத்தில் கசெட் வரவில்லை. சுகம் கேட்டு நாலு வரிக் கடிதங்கள் மட்டும். விமான நிலையத்தில் ஒரு ஒல்லியான மனிதர் என்னைத் தாண்டிப் போய், பிறகு திரும்பி வந்து, "இது நீயே?" என்று கேட்டார். அப்போது நான் அம்மாவின் தோளளவு வளர்ந்திருந்தேன். ஒனிஹங்காவில் ஒரு குளிர்க்களஞ்சியத்தில் அவருக்கு வேலை கிடைத்தது. தனி வீடு எடுத்துப் போனோம். அந்த மாகாணத்தைப் பற்றி அவர் பிறகு கதைக்கவே இல்லை. எங்கள் உறவுகளுக்குள் அவர், விசா கிடைத்தும் சோம்பலால் தவறவிட்ட மனிதர் என்றே பெயர் வாங்கினார். கலியாண வீடுகளில் மாமா அதைச் சிரிப்புக் கதையாகச் சொல்வார். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரிப்பார். ஒவ்வொரு தடவையும் நான் எழும்பித் தண்ணீர் குடிக்கப் போவேன்.

அப்பா போய் நாலு வருடமாகிறது. கடைசி நாட்களிலும் நான் அவரிடம் சொல்லவில்லை, கேட்கவும் இல்லை.

அம்மா இப்போது நியூ லின்னில் என்னோடு இருக்கிறார். போன ஆடியில் ஒரு சனிக்கிழமை மத்தியானம், மழை, இருவரும் குசினி மேசையில் இருந்து பயற்றங்காய் முறித்துக்கொண்டிருந்தோம். மாமா முதல்நாள் போன் பண்ணி அந்தப் பழைய கதையை மறுபடி சொல்லிச் சிரித்திருந்தார். எனக்குத் தாங்கவில்லை. அம்மாவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கதிரை போட்டு ஏறியது, கசெட், நான் சொன்ன பொய், எல்லாம். அப்பாவின் பெயரைக் கெடுத்தது நான்தான் என்றேன்.

அம்மா கையை நிறுத்தவில்லை.

"எனக்குத் தெரியும்" என்றார். "வெள்ளிக்கிழமையில எனக்கு அரைநாள் வேலையெல்லே. தபாலில போட முதல் நான் எப்பவும் ஒருக்காக் கேக்கிறனான். நானும் அந்தக் கதிரையை வைச்சுத்தான் ஏறினனான்."

தெரிந்தும் ஏன் அனுப்பினீர்கள் என்று கேட்டேன்.

"நீ கதைச்சு முடியக் கசெட்டில இன்னும் கொஞ்ச இடம் மிச்சம் இருந்தது. அதில நானும் சொன்னனான்."

"என்ன சொன்னனீங்கள்?"

"பிள்ளை சொல்லுறது என்ர சொல்லுத்தான், வீட்டைப் பாருங்கோ எண்டு."

மழை யன்னலில் அடித்தது. அம்மா ஒரு காயை எடுத்து, புழு இருக்கிறதா என்று வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.

"அண்ணை போனில கத்தேக்கை நான் பக்கத்தில நிண்டு அரிசி கழுவினனான். வாய் திறக்கேல்லை. அவற்ற வீட்டில இருந்துகொண்டு என்னெண்டு திறக்கிறது? உன்ர அப்பா ஒரு வசனம் சொல்லியிருக்கலாம், உங்கட தங்கச்சிதான் கேட்டவ எண்டு. சொல்லேல்லை. இஞ்ச வந்து இத்தனை வருசம் என்னோட இருந்தவர், எனக்கும் ஒருநாள் சொல்லிக் காட்டேல்லை."

அதைப் பற்றி நீங்கள் இருவரும் ஒருமுறைகூடக் கதைக்கவில்லையா என்று கேட்டேன்.

"அவர் கேக்கேல்லை. நானும் சொல்லேல்லை."

பயற்றங்காய் முழுவதையும் முறித்து முடித்தோம். பார்த்தால் நாலு பேருக்குக் காணும் அளவு இருந்தது. பாதியை ஒரு பையில் போட்டுக் கட்டி குளிர்சாதனப் பெட்டிக்குள் வைத்துவிட்டு, மிச்சத்தை அம்மா அடுப்பில் ஏற்றினார்.